நடுமுதுகில் ஒரு கிழிசல்

அறுபத்தெட்டு வயதில் நான் கல்லூரி மாணவன் ஆனேன். எங்கள் ஊர் கொயிம்பிராவில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே மூத்தோர் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, வகுப்பில் தூங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள். அதற்கு முன்பு நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் எடுக்காதவர்கள் விட்ட புளுகையெல்லாம் வாழ்நாள் முழுக்க முகம் சுளிக்காமல் கேட்டவன். ஓய்வு பெற்ற மறுநாளே, இனி என் முறை என்று முடிவு செய்துகொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு பாட்டுக்குழு. இந்த ஊர் மாணவர்கள் எல்லாரையும் போல எங்களுக்கும் கறுப்பு அங்கி. தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் முரட்டுக் கம்பளி. அதைத் துவைக்கவே கூடாது என்பது மாணவர் சட்டம். துவைத்தால் நினைவுகளும் தண்ணீரோடு போய்விடுமாம். இன்னொரு சட்டமும் உண்டு. அங்கியின் கீழ் ஓரத்தை நமக்கு வேண்டியவர்கள் பல்லால் கடித்துக் கிழிப்பார்கள். இடப்பக்கம் குடும்பத்தாருக்கு, வலப்பக்கம் நண்பர்களுக்கு. முதுகுக்கு நேர் கீழே, நடுவில் இருக்கும் இடம் காதலிக்கு. காதல் முறிந்தால் அந்தக் கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்துவிட வேண்டும்.

இடப்பக்கத்தை என் மகள் கிழித்துக் கொடுத்தாள். வலப்பக்கத்தை மாண்டலின் வாசிக்கும் பெல்மீரு கிழித்தார். மருந்துக்கடை வைத்திருந்த மனிதர். அங்கிச் சட்டங்கள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடு இடம் காலியாகக் கிடந்தது. அதற்கு நான் மனதில் வைத்திருந்த பல், கஞ்சிரா தட்டும் தெயோலிந்தாவின் பல்.

தெயோலிந்தா மீன் ஏலம் விட்டவள். அவள் வாயைத் திறந்தால் நடுக்கடலில் போகும் கப்பல் நின்று திரும்பிப் பார்க்கும். எழுபது வயதிலும் எல்லாப் பல்லும் சொந்தப் பல். அவள் வாதுமைக் கொட்டையைக் கடித்து உடைத்ததைப் பார்த்த அன்றே, என் பொய்ப்பல் செட்டு ஆடிப்போனது. அவளும் தனி, நானும் தனி.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வார இறுதிச் சுற்றுலாவுக்குக் குழு கிளம்பியது. போர்ட்டோ, டோரு நதிக்கரைத் திராட்சைத் தோட்டங்கள், பிறகு கடலோர ஊர்கள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"தெயோலிந்தா, என் அங்கிய நீதான் கிழிக்கணும்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யோவ் ஃபௌஸ்தினு, நீ காலையில ஒரு முட்டை தின்னா ஊருக்கு வந்து ஒரு கூடைன்னு சொல்ற ஆளு. என்மேல ஆசைன்னு சொல்றியே, அதுல எத்தன பங்கு தண்ணின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சொட்டு இல்ல."

"அப்படின்னா நாளைக்கு நாம ஊர் திரும்புறதுக்குள்ள ஒரே ஒரு விஷயத்த உள்ளது உள்ளபடி சொல்லு. கூட்டாம, குறைக்காம. சொன்னா கடிக்கிறேன்."

முன்சீட்டிலிருந்து பெல்மீரு திரும்பினார். "நடக்காதும்மா. உன் பல்லு பத்திரம்."

போர்ட்டோவில் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் பாடினோம். எங்கள் பாட்டு ஆசிரியை ஈரியாவுக்கு வயது இருபத்தாறு; எங்களை அதட்டுவதற்கென்றே பிறந்தவள். "பிள்ளைங்களா, ஒழுங்கா நில்லுங்க" என்றாள். நின்றோம். பாடி முடித்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆயிரம் பேர் கூடிட்டாங்க."

"புறாவையும் சேர்த்தா?" என்றாள் தெயோலிந்தா.

சாயங்காலம் மலைச்சரிவுத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பறித்த திராட்சையைக் கல்தொட்டியில் கொட்டி, ஆட்கள் வரிசையாகத் தோளில் கைபோட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினரும் இறங்கலாம் என்றார்கள். எல்லாரும் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினார்கள். தெயோலிந்தா பார்க்கிறாளே என்று நான் மட்டும் அங்கியோடு, ராஜா கடலில் இறங்குவது போல இறங்கினேன். இரண்டாம் அடியிலேயே வழுக்கியது. கழுத்துவரை மூழ்கினேன். அந்த வருஷத்து விளைச்சலில் பாதியை என் அங்கி குடித்துவிட்டது.

"சாறு முட்டிவரைக்கும்தான் இருந்திச்சு," என்றாள் தெயோலிந்தா, என்னைக் கையைப் பிடித்துத் தூக்கியபடி. "நீதான் உட்கார்ந்த."

மறுநாள் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அங்கி காய்ந்து பலகையாக நின்றது. டோரு பள்ளத்தாக்கின் குளவிகள் அத்தனையும் குடும்பத்தோடு ஏறியிருந்தன. ஈரியா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தயவுசெஞ்சு கடைசி சீட்டுக்குப் போங்க" என்றாள். போனேன். கொஞ்ச நேரத்தில் கஞ்சிராவை விசிறியாக்கிக் குளவிகளை ஓட்டிக்கொண்டே தெயோலிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அது பொய்க் கணக்கில் வராது, உண்மைக் கணக்கிலும் வராது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் அஃபுராதா. தெயோலிந்தா பிறந்த மீனவ ஊர். அவளுடைய பெரியம்மா மகள் ஒத்தீலியா பஸ் வாசலிலேயே காத்திருந்தாள். அகலத்தில் படகு, குரலில் தங்கைக்கு அக்கா. எங்களைத் தெருவோர அடுப்பில் மத்தி சுடும் இடத்துக்கு அனுப்பிவைத்தாள். குளவிக்குப் பயந்து நான் அங்கியைத் தள்ளியிருந்த கொடிக்கம்பியில் தொங்கவிட்டுவிட்டுப் போனேன்.

மூன்றாவது மத்தியைப் பிய்க்கும்போது ஒரு சத்தம் கேட்டது. சளப், சளப். அந்த ஊரில் இன்றும் பெண்கள் பொதுத் தொட்டிகளில்தான் துணி துவைக்கிறார்கள். எனக்கு ஏதோ பொறி தட்டியது. ஓடினேன். துணி துவைக்கும் கூடத்துக்குள் ஒத்தீலியா என் அங்கிக்குச் சோப்புப் போட்டுக் கல்லில் அறைந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, அத துவைக்கக் கூடாது."

"இந்த நாத்தத்தோட என் தங்கச்சி பக்கத்துல உட்காருவியா? விடுய்யா."

நான் கழுத்துப் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அவள் கீழ் ஓரத்தைப் பிடித்து முறுக்கினாள். பர்ரென்று ஒரு சத்தம். பின்னாலேயே ஓடிவந்த பெல்மீரு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் நீதிபதியின் களை.

"சரியா நடு. கிழிச்ச கை இந்த அம்மாவோடது. சட்டப்படி ஃபௌஸ்தினு இனிமே இவங்களுக்குத்தான்."

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒத்தீலியா கையை உதறி இடுப்பில் வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொஞ்சம் காய்ஞ்ச கருவாடு மாதிரி இருக்கான். பரவால்ல. கல்யாணம் எப்போ வச்சுக்கலாம்?"

"பல்லால கிழிக்கல, அது செல்லாது," என்றேன்.

"செல்லும்," என்றார் பெல்மீரு. நண்பராம்.

அதற்குள் கையில் பாதி மத்தியோடு தெயோலிந்தா வந்து நின்றாள். அக்காக்காரி அங்கியைத் தூக்கிக் காட்டி, "ஏண்டி, உன் ஆளு என் ஆளாயிட்டான்" என்றாள். தெயோலிந்தா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு கிழிஞ்சிருக்கு?"

கூடமே என் வாயைப் பார்த்தது. நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது: கழுத்துவரை, அங்கியே ரெண்டு துண்டு, கிழிந்த சத்தத்தில் அக்கரையில் கோயில் மணி அடித்தது. இவ்வளவு நல்ல வாய்ப்பு வாழ்க்கையில் திரும்ப வராது. எச்சிலோடு சேர்த்து அத்தனையும் விழுங்கினேன்.

"ஒரு சாண்," என்றேன்.

தெயோலிந்தா மீனை அக்காவிடம் கொடுத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். கிழிசலின்மேல் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தாள். ஒரு சாண். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அக்கா," என்றாள், "கறுப்பு நூல் இருந்தா குடு."

தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து, சொட்டச் சொட்ட ஈரத்தோடு, மீனவர் வலை பின்னும் வேகத்தில் தைத்து முடித்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உன் காதல் முடிஞ்சு போச்சுக்கா."

"கால் மணி நேரம் கூட வாழ விடலையேடி," என்று ஒத்தீலியா மத்தியைத் தின்னத் தொடங்கினாள்.

அப்புறம் தெயோலிந்தா அந்தத் தையலுக்குப் பக்கத்தில், விரல்கடை தள்ளி, அங்கியின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தாள். ஈரக் கம்பளி லேசில் விடவில்லை. அவளும் விடவில்லை. தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

"துவைச்ச அங்கி செல்லாதே," என்று பெல்மீரு ஆரம்பித்தார்.

"பழைய நினைவுதானே போச்சு?" என்றாள் அவள், வாயிலிருந்த நூல்பிசிறைத் துப்பியபடி. "இப்ப புதுசா வைக்கலாம். நீ போய் மாண்டலின எடு."

அன்று மாலை அகுடா கடற்கரையில் பாடினோம். பத்தாயிரம் பேர். அங்கி இப்போது என் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. திராட்சை, சோப்பு, மத்தி மூன்றும் மணக்கின்றன, அதன்பிறகு துவைக்கவில்லை. கிழிசல் இடுப்புவரை இருக்கிறது. தெயோலிந்தா நாலு விரல் என்பாள். வருகிறவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளலாம். அவள் அடுப்படியில்தான் இருப்பாள், கொட்டை உடைத்துக்கொண்டு.