பால் கறப்பவனுக்கு எந்த வரிசை?

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் வெர்மான்ட் பக்கத்து ஊர்களிலெல்லாம் ஊர்க்கூட்டம். ஏழு வருடமாக நானும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாக்கு இல்லாதவர்களுக்கென்று போட்டிருக்கும் சுவரோரப் பெஞ்சில்தான் இடம். இந்த வருடம் நடு மண்டபத்தில் நாற்காலி! மூன்று வாரத்துக்கு முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து அமெரிக்கக் குடிமகள் ஆகியிருந்தேன். சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டில் வைக்க ஒரு பெரிய தட்டு நிறைய எங்கள் பிலிப்பைன்ஸ் நூடுல்ஸ் செய்து தூக்கிக்கொண்டு, ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டு மணிக்கே போய் நின்றேன்.

கதவருகே ஊர்க் காவலர் டேல் பெரிகோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன லிகாயா, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க வந்தியா?"

"ஓட்டுப் போட வந்திருக்கேன்யா. வழியை விடு."

"அடேங்கப்பா! ஓட்டு வந்ததும் பேச்சே மாறிடுச்சே!"

மாறாமல் என்ன செய்யும்? நர்ஸ் வேலைக்கு விசா கேட்டு ஊரில் ஒன்பது வருடம் காத்திருந்தவள் நான். இங்கே வந்து ஏழு வருடம். எத்தனை படிவம், எத்தனை கைரேகை! குடிமகள் ஆன அன்றே என் தம்பி இசித்ரோவுக்கு மனுப் போட்டுவிட்டேன். அவனுக்கு இப்போது நாற்பத்தொன்று. அவன் முறை வருவதற்குள் அறுபதைத் தாண்டிவிடுவான் என்கிறார்கள். அதனால் கொல்லைப்புறமாக நுழைந்தவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். வரிசையென்றால் வரிசை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள்.

அன்றைய பட்டியலில் பதினொன்றாவது தீர்மானம் அதைப் பற்றித்தான். டேல் சாலையில் யாரை நிறுத்தினாலும் குடியேற்ற அனுமதித் தாள்களைக் கேட்க வேண்டும், தாள் இல்லாதவரைப் பற்றி உடனே குடியேற்றத் துறைக்குப் போன் செய்ய வேண்டும். கொண்டுவந்தவர் மரக்கடை கார்லண்ட் ஹோய்ட். என் வாக்கு அவருக்குத்தான் என்று மூன்று வாரமாகச் சொல்லிவைத்திருந்தேன்.

காப்பி எடுக்கப் போனபோது பக்கத்துப் பண்ணைக்காரர் வெண்டல் திபோ என் கையைப் பிடித்தார். அவர் முகமே சரியில்லை.

"லிகாயா, பதினொண்ணு ஜெயிச்சா எலிசியோ இன்னைக்கே கிளம்பறான். வேன்ல சாமான் ஏத்தியாச்சு. நோயெமிக்கு எட்டு மாசம். இந்தக் குளிர்ல எங்க போவாங்க?"

எலிசியோ அவருடைய மாடுகளைக் கறப்பவன். மெக்ஸிகோக்காரன், தாள் கிடையாது. நோயெமி அவன் மனைவி.

"சரியான வழியில வந்திருந்தா வேன்ல எதுக்கு சாமான் ஏத்தணும்?" என்றேன்.

 திபோ சர்க்கரையே போடாமல் காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாலைச் செலவு, பள்ளிக்கூடக் கூரை, பனி வாரும் லாரி என்று ஒவ்வொன்றும் குரல் வாக்கிலேயே முடிந்து மதியம் வரை இழுத்தது. சாப்பாடு முடிந்து பதினொன்றுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். ஹோய்ட் எழுந்தார்.

"நான் யாருக்கும் எதிரி இல்ல. சட்டப்படி வர்றவங்களுக்கு என் வீட்டுக் கதவே திறந்திருக்கும். இதோ, நம்ம லிகாயா இருக்காங்களே! பதினாறு வருஷம் பொறுமையா நின்னு வந்தவங்க. அவங்க மாதிரி வந்தா யாரு வேண்டாங்கறா?"

மண்டபமே கைதட்டியது! எனக்கா? எனக்கேதான்! எழுந்து நின்று கும்பிடாத குறையாகத் தலையாட்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் நான் பட்டதில்லை.

கைதட்டல் அடங்கும்போதுதான் சுவரோரப் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. எலிசியோ. டேல் ஆறடி தூரத்தில் நிற்கும்போதே கையைத் தூக்குகிறான்! திபோ வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். அவன் கையை இறக்கவில்லை.

தலைமை வகித்த கிட்ரெட்ஜ் அம்மாள் சுத்தியலைத் தட்டினார். "வாக்கு இல்லாதவங்க பேசணும்னா சபையில மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிக்கணும். சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

"கூடாது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். "பேசிட்டுப் போகட்டுமே, என்ன குறைஞ்சுபோச்சு?" என்று இன்னொரு பக்கம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதே பெஞ்சிலிருந்து ஒரு வருடம் நானும் கையைத் தூக்கினேன். முதியோர் இல்லத்து இறக்கத்தில் பனிக்கு மணல் போடச் சொல்லிக் கேட்க. விடமாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பேசட்டும், பேசவிட்டே தோற்கடிப்போம் என்று கையைத் தூக்கினேன். குடிமகளாக நான் கையைத் தூக்கிப் போட்ட முதல் வாக்கு அதுதான்.

சம்மதம் கிடைத்தது. எலிசியோ எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வரிசைன்னு சொல்றீங்க. சரிதான், நானும் நிக்கறேன். எந்த ஆபீஸ், எந்தக் கதவு? சொல்லுங்க. இன்னைக்கே போறேன். பனியில நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். பத்து வருஷம்னாலும் சரி. எங்க ஆரம்பிக்குது அந்த வரிசை?"

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான்.

ஹோய்ட் தொண்டையைக் கனைத்தார். "அது... லிகாயாவுக்குத் தெரியும். அவங்கதானே நின்னவங்க. சொல்லுங்கம்மா."

நூற்றுச் சொச்சம் தலைகள் என் பக்கம் திரும்பின. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. இந்த ஊரில் அந்தப் படிவங்களை என்னைவிடத் தெரிந்தவர் யார்? எழுந்து கேட்க ஆரம்பித்தேன்.

"உனக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாராவது குடிமக்களா இருக்காங்களா?"

"இல்லக்கா."

"அப்பா அம்மா?"

"ஊர்ல இருக்காங்க."

"படிப்பு?"

"நாலாவது."

"விவசாய வேலைக்கு ஒரு விசா இருக்கு. ஆனா அது சீசன் வேலைக்குத்தான். அறுவடை, பழம் பறிக்கிறது, அந்த மாதிரி."

"மாடு வருஷம் பூரா பால் கறக்குது, லிகாயா!" என்று திபோ கத்தினார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். இது இல்லை, அது இல்லை, அதுவும் இல்லை. கடைசி விரலும் மடங்கிவிட்டது. 

"சொல்லுக்கா," என்றான் எலிசியோ. "எது?"

"இல்லை," என்றேன். "உனக்கு வரிசையே இல்லை."



"அப்ப சட்டத்தை மாத்தணும், அது வாஷிங்டன்காரன் வேலை," என்றார் ஹோய்ட். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"அவன் மாத்தற வரைக்கும் மாட்டை நீயா வந்து கறப்பே?" என்றார் திபோ. மறுபடி கூச்சல். கிட்ரெட்ஜ் அம்மாள் சுத்தியலை உடைக்காத குறையாகத் தட்டினார்.

"எல்லாரும் எழுந்திருங்க! ஆதரிக்கிறவங்க ஜன்னல் பக்கம். எதிர்க்கிறவங்க சுவர்ப் பக்கம். எண்ணிடறேன்."

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. எலிசியோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கறவை நேரம். முடிவு தெரியும்வரை மாடு காத்திருக்காதே.

நான் சுவர்ப் பக்கம் நடந்தேன்.

"லிகாயா! நீயுமா?" ஹோய்ட்டின் முகம் விழுந்துவிட்டது.

"அவன் வந்தது தப்புதான், இப்பவும் சொல்றேன்! என் தம்பியை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரமாத்தான் இருக்கு. ஆனா வரிசையில வாடான்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே, இல்லாத வரிசையை! பொய்யைச் சொல்லி ஒருத்தனை விரட்ட என்னால முடியாது ஹோய்ட்."

எண்ணினார்கள், சந்தேகம் வந்து திரும்ப எண்ணினார்கள். ஜன்னல் பக்கம் ஐம்பத்தெட்டு. சுவர்ப் பக்கம் அறுபத்தொன்று! தீர்மானம் தோற்றது. யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள், யார் யாரோ திட்டினார்கள். நான் திபோவின் டிரக்கில் தாவி ஏறினேன். போகிற வழியெல்லாம் அவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.

பண்ணையில் வேன் கிளம்பத் தயாராக நின்றது. முன் சீட்டில் நோயெமி, பெரிய வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு! இறங்கு பெண்ணே! தோத்துப்போச்சு! போக வேண்டாம்!" என்று கத்தினேன். தொழுவத்திலிருந்து எலிசியோ பால் நனைந்த கையோடு ஓடிவந்தான். திபோ அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நோயெமி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

"அப்ப இனிமே பயமில்லையாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"டேல் போன் பண்ணமாட்டான். அவ்வளவுதான்."

"இந்த ஊர்ல."

"ஆமா, இந்த ஊர்ல."

"ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே?"

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஊர், வேறு காவலர்.

"வலி எடுத்தா எனக்குச் சொல்லு. என் கார்ல, நானே ஓட்டிட்டுப் போறேன்," என்றேன். "என்னை நிறுத்தட்டும், பாக்கறேன்!"

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு நாங்கள் நாலு பேருமாகச் சாமான்களை இறக்கினோம். பாத்திரம், கம்பளி, குழந்தைக்கென்று யாரோ கொடுத்த தொட்டில். கடைசியாக சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையை எடுக்கப் போனேன்.

"அது வேன்லயே இருக்கட்டும்க்கா," என்றாள் நோயெமி.

நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.