ஜெயவேலுவின் வீடு குடிபெயர்ந்த வரலாறு

“டேய் ஏசுபாதம், என் வூட்டை எங்கடா வெச்சிருக்கே?”

“யோவ், உன் வூட்டை நான் இன்னா பீரோல பூட்டி வெச்சிகினா கீறேன்? சரியா பாருய்யா!”

கடப்பேரித் தெருவே வெளியே வந்து சரியாகப் பார்த்தது. ஜெயவேலுவின் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அஸ்திவாரக் குழி, அடிபம்பு, கொடியில் ஒரு லுங்கி, அவ்வளவுதான். இது நடந்தது 1984 ஆடியில். பம்மல் தோல் கம்பெனியில் வேலை முடிந்து, சாராயக் கடை வழியாக அவன் வந்திருந்தான். ஆனால் குடிக்காத பக்கத்து வீட்டு ஏசுபாதத்தின் கண்ணுக்கும் வீடு தெரியவில்லை. மறுநாள் பால்காரர் தகவல் கொண்டுவந்தார். வீடு பெருங்களத்தூர் ரயில்வே கேட் அருகே தெற்கு பார்த்து நிற்கிறது. உள்ளே அவன் மனைவி கனகவல்லி கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள், மகள் பேபி வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

அதன் பிறகு இது வழக்கமாகிவிட்டது. ஜெயவேலு குடித்தால் வீடு குடிபெயரும். தெளிந்து நாலு நாள் இருந்தால் திரும்பி வரும். தனியாகக் குடித்தால் வண்டலூர், கூட்டாளிகளோடு என்றால் இன்னும் தெற்கே கூடுவாஞ்சேரி, போனஸ் வந்த தீபாவளிக்கு மறைமலை நகர். தபால்காரர் மட்டும் முணுமுணுத்தார். கனகவல்லி ஆரம்பத்தில் குறை சொல்லவில்லை. மறைமலை நகர்த் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொன்னாள், கொஞ்சம் அடிக்கடியே சொன்னாள். மூன்று வருஷம் பொறுத்தவள் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“இன்னும் இப்டியே குடிச்சினு இருந்தே, வூடு பாலாத்தைத் தாண்டிடும். தாண்டிச்சுன்னா நான் கதவைத் தொறக்க மாட்டேன், ஆமா.”

ஏசுபாதம்தான் வழி சொன்னான். “தாம்பரத்துல குடியை விட்டவங்க சங்கம் ஒண்ணு கீது மச்சான். போய்த் தேடு.” ஜெயவேலு தேடினான். முதலில் விசாரித்த பெட்டிக்கடைக்காரர், குடிக்கிறவர்கள் கூடுகிற இடம் என்று புரிந்துகொண்டு பிராந்திக் கடைக்கு வழி காட்டினார். அன்று வீடு வண்டலூர் போனது. மறு வாரம் கிழக்குத் தாம்பரத்துக் காலனி ஒன்றில் பச்சை போர்டு கண்ணில் பட்டது: குடியிருப்போர் நலச் சங்கம். குடி இருப்போரின் நலத்துக்கு ஒரு சங்கம். இதைவிடத் தெளிவாக யார் எழுதிவைப்பார்கள்? உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். தெருவிளக்கு, சாக்கடை, தோட்டத்தில் மேயும் மாடு எல்லாம் பேசி முடித்து, செயலாளர் தோத்தாத்ரி அவன் பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க எந்த வீடு?”

“வூடு இப்போ வண்டலூர்ல கீது சார். எனக்குப் பன்னெண்டு வருசமா குடி இருக்கு.”

“பன்னெண்டு வருஷமா குடியிருந்துண்டு சந்தா கட்டலையா?”

விஷயம் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. சிரிப்பு அடங்க அதற்கும் மேல். அப்போது பொருளாளர் ஸ்ரீநிவாசராகவன் எழுந்தார். “சிரிக்காதீங்கோ. அவர் தேடறது வேற சங்கம். அதுக்கு போர்டு கிடையாது. நாலு வருஷமா நான் போயிண்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை நானே அழைச்சிண்டு போறேன்.” காலனி அதுவரை அவர் ஞாயிறுதோறும் பஜனைக்குப் போவதாக நம்பியிருந்தது. இத்தனை பஜனைக்குப் போனவர் ஒரு பொட்டலம் சுண்டல்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்பதை யாருமே கவனிக்காமல் விட்டது காலனியின் கவனக்குறைவுதான். கூட்டத்துக்கு வந்திருந்த அவர் மனைவி ஞானாம்பாள் அன்று காபி டம்ளரை வைத்துவிட்டு அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

போர்டு இல்லாத அந்தச் சங்கம் கூடியது மாதா கோயில் பின்னறையில்: பெஞ்சு, டீ, பொறை பிஸ்கட். உள்ளே யார் யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே கணக்கு வாத்தியாரைப் பற்றியோ, சேலையூர் மிலிட்டரி மீசைக்காரரைப் பற்றியோ இங்கே பேச்சில்லை. ஜெயவேலு தன் முறை வரும்போதெல்லாம் வீட்டைப் பற்றிப் புகார் சொல்வான். “வூடுதான் சார் ஓடுது.” ஆனாலும் குடிக்கவில்லை, வீடும் எட்டு மாதம் அசையவில்லை.

அப்புறம் பம்மலில் மச்சினன் கல்யாணம். ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது. விடிந்தபோது வீடு செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் நின்றது. பின்பக்கச் சுவர் ஏற்கெனவே மணலில் இறங்கியிருந்தது. ஜெயவேலு தட்டினான். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் ஸ்ரீநிவாசராகவன் சேதி கேட்டுப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார், வேட்டி நுனியைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேர் இருந்தா அது மீட்டிங்தான். சொல்லுங்கோ.”

ஜெயவேலு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். “வூடு ஓடல சார். நான்தான் தெனம் அதை வுட்டுட்டுப் போய்கினு இருந்தேன்.”

பாத்திரச் சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்து இரண்டு டம்ளர் டீ வெளியே வந்தது. “சாருக்குச் சக்கரை போட்டிருக்கேன். இதுக்குப் போடல,” என்றாள் கனகவல்லி. ‘இது’ சர்க்கரை இல்லாமலே குடித்தது.

வீடு பாசஞ்சர் ரயில் மாதிரி ஒவ்வோர் ஊராக நின்று, தை பிறக்கும்போது கடப்பேரிக்கு வந்து சேர்ந்தது. வந்தது, புழக்கடையைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நகராட்சி கேட்கவில்லை, தெருவும் அந்தப் பக்கமாகவே போய்ப் பழகிக்கொண்டது.

1993இல் பேபி, மறைமலை நகர் உதிரிபாகக் கம்பெனி வேதசிரோமணியைக் கட்டிக்கொண்டாள். வீடு அங்கே நின்ற நாட்களில் பழக்கமாம். ஏசுபாதம் பம்மலுக்கு மாறினான். ஸ்ரீநிவாசராகவனும் ஞானாம்பாளும் மேடவாக்கத்தில் மகனோடு இருக்கிறார்கள். ஜெயவேலுவும் கனகவல்லியும் எங்கும் போகவில்லை, வீடும்தான்.