மூலையில் ஒட்டிய முத்திரை

"ஜட்ஜை சாயங்காலத்துக்குள்ள வேற இடம் பார்த்து அனுப்பிடணுமாம்" என்று அக்கா போனில் மூக்கை உறிஞ்சினாள். ஜட்ஜ் அவள் வளர்க்கும் பூனை. வீட்டில் யார் சண்டை போட்டாலும் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பதால் வந்த பெயர்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் அனுப்பிய படத்தைத் தங்கைக்கும் அனுப்பினாள். 'பிராணி வளர்க்கும் வாடகைதாரரை அன்றே வெளியேற்றலாம். புதிய சட்டம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. பரவும் செய்திகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. இதைப் போன வாரமே அலசிக் காயப்போட்டாகிவிட்டது. அது யாரோ ஒரு சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா. மசோதா பிசைந்த மாவு மாதிரி. வாக்கெடுப்பு என்ற அடுப்பில் வெந்து, அரசிதழில் வெளியானால்தான் சட்டம். இந்த மாவு அடுப்புப் பக்கமே போகவில்லை.

"பொய்க்கா. நாங்களே சொல்லியிருக்கோம்."

"படத்துல உங்க ஆபீஸ் பேருதானேடி இருக்கு? அதனாலதான் அவர் நம்புறார்."

தங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவள் கையால் செய்த படமேதான். யாரும் திருடக் கூடாதென்று அலுவலகப் பெயரை நட்டநடுவில் போட்டிருந்தாள். 'பொய்' என்ற சிவப்பு முத்திரையை அழகுக்காக மேல் மூலையில் ஒட்டியிருந்தாள். பகிரும்போது ஓரம் வெட்டுப்பட, முத்திரை போய்விட்டது. பெயர் மட்டும் சாட்சியாக நின்றது.

"சார், நாம பொய்யைக் கண்டுபிடிச்சோமா, பரப்பினோமா?" என்று செய்தி ஆசிரியரிடம் போனை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும்தான். சம்பளம் என்னவோ ஒண்ணுதான்."

இருவரும் உட்கார்ந்து புதுப் படம் செய்தார்கள். இந்த முறை உண்மையே தலைப்பு: 'பிராணி வளர்ப்பவரை அன்றே வெளியேற்ற எந்தச் சட்டமும் இல்லை.' ஆசிரியர் அதன் தலையை வெட்டினார், காலை வெட்டினார். எப்படி வெட்டினாலும் உண்மைதான் மிஞ்சியது.

அக்கா மூலம் அது போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரரே தங்கையை அழைத்தார். "காலையில ஒண்ணு சொல்றீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதைம்மா நம்புறது?"

"முதல்ல வந்தது எங்க தப்புங்க. பொய்னு மூலையில ஒட்டினோம், வெட்டுப்பட்டுடுச்சு. எங்களை நம்பவே வேண்டாம். சட்டமாயிருந்தா எண்ணும் தேதியும் போட்டு அரசிதழ்ல வந்திருக்கும். இணையத்துல இருக்கு, நீங்களே தேடுங்க."

அந்தப் பக்கம் வெகுநேரம் விசைகளைத் தட்டும் சத்தம்.

"காணோமே."

"அதாங்க."

"சரி, பூனை இருந்துட்டுப் போகட்டும். ஆனா மாடிப்படியில படுக்கக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."

தங்கை சொன்னாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஜட்ஜ் தீர்ப்பை ஒத்திவச்சிட்டாருடி. படியிலதான் தூங்குறாரு."