காலையில் பழசு, சாயந்தரம் புதுசு

பாக்யராஜ் சோரியாங்குப்பத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். ஆறு மாதமாக அவருக்குக் குவாண்டம் கம்ப்யூட்டர் பேச்சுதான். மெஷின் ஏதோ வெளிநாட்டில் இருந்தது. இவர் வீட்டு லேப்டாப்பிலிருந்து அதற்கு வேலை அனுப்புவார். ஒரே கேள்விக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லாது. ஆயிரம் முறை ஓட்டி, சரியான பதில் எத்தனை முறை வந்தது என்று எண்ண வேண்டும்.

தவறுகளைக் குறைக்க அவர் ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். பழைய வழியில் ஆயிரத்துக்கு எண்ணூற்று எழுபது சரி. புதியதில் தொள்ளாயிரத்து முப்பது. கல்லூரி முதல்வர் கருத்தரங்கில் அவர் பேச்சைச் சேர்த்து அழைப்பிதழே அடித்துவிட்டார்.

அவர் மனைவி உஷாராணிக்குப் புள்ளியியல் துறையில் வேலை. வயலில் கயிறு கட்டி அளந்து, அந்த இடத்து நெல்லை அறுத்து எடைபோட்டு, ஊர் விளைச்சலைக் கணிப்பவள். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டையும் எப்ப ஓட்டுனீங்க?"

"பழச காலைல. புதுச சாயந்தரம்."

"நடுவுல மெஷின இன்னா பண்ணாங்க?"

அவர் பதிவைத் திறந்து பார்த்தார். மதியம் மெஷினைச் சீர்செய்திருந்தார்கள்.

"புது நெல்ல ஏரி மதகாண்ட நட்டு, பழச கடைமடைல நட்டுட்டு, எது ஒசத்தின்னா இன்னாங்க சொல்றது?"

அவருக்குச் சுருக்கென்றது. "உனக்கு குவாண்டத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்றுவிட்டார். அவள் மீனுக்கு மஞ்சள் தடவினாள்.

மூன்றாம் நாள் அவராகவே வந்தார். "எப்படித்தான் ஓட்டணும்?"

"ரெண்டையும் ஒரே நேரத்துல, கலந்து ஓட்டுங்க. அடுத்தது எதுன்னு சீட்டு குலுக்கி எடுங்க."

அப்படியே ஓட்டினார். பழசு எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. புதுசு தொள்ளாயிரத்து நான்கு. இன்னொரு தடவை ஓட்டினால் அந்த ஆறு வித்தியாசம் தலைகீழாகவும் வரலாம் என்று அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல்வர் போனில் சொன்னார். "பழைய கணக்கையே சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"என் வூட்டுக்காரிக்குத் தெரியும் சார்."

கருத்தரங்கில் இரண்டு கணக்கையும் திரையில் போட்டு, தன் வெற்றி எப்படிக் கரைந்தது என்பதையே பேசினார். கேட்டவர்கள் பதினைந்து பேர் இருக்கும். அர்ச்சனா என்ற ஆய்வாளர் மட்டும் எழுந்து, "கலந்து ஓட்டுறது யாரோட யோசனை?" என்றாள். அவர் மனைவியின் பெயரைச் சொன்னார்.

உஷாராணி அன்று நெட்டப்பாக்கத்தில் ஒரு வயலில் நின்றிருந்தாள். வீடு திரும்பியதும் அவர் எல்லாவற்றையும் சொல்ல, கால் சேற்றைக் கழுவியபடி கேட்டுக்கொண்டாள்.

"ஆயிரம் பத்தாதுங்க," என்றாள். "முப்பதாயிரம் ஓட்டுங்க. ஆயிரத்துக்கு ஆறுங்கறது நெசமா இருந்தா அப்பவும் நிக்கும்."

அவர் லேப்டாப்பைத் திறந்தார்.