வாத்தியார் நடக்காத இருபது அடி

நான் ஒரு காலத்தில் இருபத்திரண்டு ஆம்பளைகளோடு ஆறு மைல் ஓடி, இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து, தலையை அவிழ்த்து வாரிக் கொண்டை போட்டு, இரண்டு சேவல்களின் சண்டையையும் விலக்கி வைத்தவள். அப்போது எனக்கு வயது நாற்பது. பிள்ளைகள் நான்கு. காலில் செருப்பு கிடையாது.

நம்ப வேண்டாம். பதினாறு வருடமாக யாரும் நம்பவில்லை, நீங்கள் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்பாமலே கேளுங்கள்.

மலேசியாவில், ஈப்போ பக்கம் செமோருக்கு உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் பள்ளிக்கூடத்து ஜெயபாலன் வாத்தியார்தான் ஓட்டத்துக்கும் வாத்தியார். அவர் விசில் ஊதினால் ஐம்பது மைலுக்கு அப்பால் சுங்காயில் மாடு மிரளும். அவர் பழக்கிய பிள்ளைகள் எட்டு வருடம் தொடர்ந்து ஈப்போவில் கோப்பை வாங்கினார்கள். தோட்டத்தில் அலமாரி போதாமல் கோப்பையில் அரிசி கொட்டி வைத்தோம். பெரியவர்தான், மறுக்கவில்லை. 1971 தோட்டப் போட்டியில் ஆம்பளைகள் ஓட்டத்தில் என்னைச் சேர்த்தவரும் அவர்தான். தோட்டத்துத் துரை சிரித்தார். "மலைக்காட்டுல வாளியோட இவ ஏறி எறங்குறத நான் பாத்திருக்கேன், ஓடட்டும்" என்று வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார். வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் பேசி எனக்கு விடுப்பும் வாங்கினார். என் மாதிரி ரப்பர் பால் வெட்டுகிற மற்றவர்களெல்லாம் அந்தக் காலை நேரத்தில் மரத்தோடு இருந்தார்கள். ஓட வந்த ஆம்பளைகள் லோரி, பட்டறை, புல்வெட்டு ஆட்கள்.

வழியில் காவலுக்கு ஆள் கிடையாது. அதற்கு வாத்தியார் ஒரு தந்திரம் செய்தார். தோட்டத்தின் மூன்று காடுகளில், மரத்தில் பால் பிடிக்கிற மங்குகள் மூன்றில் கித்தாப்பால், அதாவது ரப்பர் பால், ஊற்றி வைத்தார். முதல் மங்கில் சலவை நீலம், இரண்டாவதில் மஞ்சள், மலை உச்சியில் இருந்த மூன்றாவதில் குங்குமம். ஒவ்வொன்றிலும் ஒரு விரலை முக்கிவிட்டு ஓட வேண்டும். கடைசியில் மூன்று நிறமும் விரலில் இருந்தால்தான் முழுத் தூரமும் ஓடியதாகக் கணக்கு.

நான் மூன்றிலும் முக்கினேன். முதலாவதாக வந்தேன். தேநீர் குடித்தேன், தலை வாரினேன். சேவல் கதை தெரியும். பிச்சைமுத்து நாக்குத் தள்ள இரண்டாவதாக வந்தான். அப்போது அவன் புல்வெட்டுக் கூட்டத்தில் இருபது வயதுப் பையன்.

துரைக்கு முன்னால் வாத்தியார் என் கையை விரித்துப் பார்த்தார். மூன்று விரலும் கழுவிய கிண்ணம் மாதிரி சுத்தம்.

பால் வெட்டுகிறவள் விரலில் ஒட்டிய பாலை அப்படியே விடுவாளா? காய்ந்ததும் கட்டைவிரலால் தேய்த்து உரித்து, உருட்டி, போகிற வழியில், காய்ந்த பாலைச் சேர்க்கிற கட்டிப்பால் கூடையில் போட்டுவிடுவாள். தூக்கத்திலும் போடுவாள். நானும் ஓடிக்கொண்டே உருட்டியிருக்கிறேன். பால் கொட்டகையைத் தாண்டும்போது கூடையில் எறிந்திருக்கிறேன். புத்திக்குத் தெரியாமல் கை செய்த வேலை. வாத்தியார் சாக்பீஸ் பிடித்தவர், அவருக்கு அது எங்கே தெரியும்?

"சார், கூடையில பாருங்க சார். மூணு கலர்ல உருண்டை கெடக்கும். இந்தா இருக்கு, இருபது அடி."

அவர் நின்ற இடத்திலிருந்தே கூடையைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "தப்பு செஞ்சது என் ஆளா இருந்தாலும் தப்பு தப்புதான். ராக்காயி குறுக்கே ஓடிட்டா. கோப்பை பிச்சைமுத்துவுக்கு."

கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் அவரைக் கெடுத்தது. நீதிமான் என்று ஊரே தட்டிய பிறகு எந்த மனுஷன் இருபது அடி நடந்துபோய்க் கட்டிப்பால் கூடையைக் கிளறுவான்?

ஒரு வாரம் கழித்து என் மரத்தடியில் வந்து நின்றார். என் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"கூடையப் பாத்தீங்களா சார்?"

"போனேன் ராக்காயி. அதுக்குள்ள லோரியில ஏத்திட்டாங்க."

அவ்வளவுதான். மைக்கில் சொன்னதை மைக்கில் மாற்றவில்லை. அன்றிலிருந்து என் பெயர் 'குறுக்கால ராக்காயி'. என் மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டில்கூட, "குறுக்கால அக்கா மகளா?" என்றுதான் கேட்டார்கள்.

தோட்டம் துண்டுதுண்டாக விற்றுப்போனது. ஈப்போவுக்கு வந்தோம். ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். 1987இல் வாத்தியார் காலமானார். பழைய தோட்டத்து ஆட்கள் ஈப்போவில் மண்டபம் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படத்தைத் திறக்கவும், பிறகு நினைவு மலர் ஒன்று போடவும் ஏற்பாடு செய்தார்கள். காரியதரிசி பிச்சைமுத்து. அச்சுக்குப் போகிற தாளை என்னிடமே கொண்டுவந்தான்.

"படிச்சுப் பாருக்கா. நல்லா வந்திருக்கு லா."

படித்தேன். 'நீதி தவறாதவர்' என்று தலைப்பு. தம்மால் பழக்கப்பட்ட வீராங்கனை ஒருத்தி குறுக்குவழியில் ஓடியபோது தயங்காமல் நீக்கிய உத்தமர் என்று எழுதியிருந்தது.

"யார்டா அந்த வீராங்கனை?"

"உன் பேரு போடலையே அக்கா! மரியாதைக்குத்தான் விட்டுட்டேன்."

"இத எடுத்துடு."

"எப்படிக்கா எடுக்கிறது? அவரு நேர்மைக்கு அதுதானே சாட்சி. நான் வந்தப்ப நீ தலை வாரிக்கிட்டு இருந்த. ஆறு மைலு ஓடுன பொம்பள தலையா வாருவா? நீயே சொல்லு."

"வாருனேன்டா!"

"ஐயோ அக்கா, வயசாச்சு, விடு லா. கூட்டம் முடிஞ்சு திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது."

விடுவதா? என் பேரப்பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த மலர் அவர்கள் நூலகத்துக்கும் போகும். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். அவர் செத்துவிட்டார் சரி, நான் இன்னும் சாகவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் செமோர் போனேன். என் நாத்தனார் பாப்பா இன்னும் அங்கே சின்னத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறாள். தூக்குச் சட்டி நிறையப் பால் வாங்கி, உறையாமல் இருக்க இரண்டு சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன். வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று மங்குகளில் அந்தப் பாலை ஊற்றி நிறம் கலந்து வைத்தேன். நீலம், மஞ்சள், சிவப்பு.

பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா! வாத்தியார் நினைவா எல்லாரும் வெரல முக்கிட்டு உள்ள போறாங்களா? அருமை லா!" அவனே முதலில் முக்கினான். வந்தவர்கள் இருநூறு பேரும் முக்கினார்கள்.

பிறகு கூட்டத் தலைவர் ஆம்புரோஸ் பேசினார். அவர் பேச ஆரம்பித்தபோது வெளியே நட்ட செடி முடிக்கும்போது காய்த்திருக்கும். அவ்வளவு நேரம். எனக்குத் தேவையும் அதுதான். நடுவில் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கையத் தூக்குங்க."

தூக்கினார்கள். பட்டணத்தில் பிறந்த பிள்ளைகள், கடைக்காரர்கள், ஆம்புரோஸ், எல்லார் விரலிலும் மூன்று நிறமும் பத்திரமாக இருந்தது. பழைய பால்வெட்டுக்காரர்கள் விரலில் ஒன்றுமே இல்லை. சின்னையா அண்ணன் மடியில் ஒரு உருண்டை. நல்லம்மாள் முந்தானையில் ஒன்று. முதல் வரிசை முழுக்கக் கோலிக்குண்டு விளையாட்டு மாதிரி உருண்டைகள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லம்மாள், "அடியே ராக்காயி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்புரோஸ் எழுந்தார். "அம்மா, நல்ல நாளும் அதுவுமா, எறந்தவரப் போயி..."

"படத்தத் தொறங்க ஐயா. மாலைய நானே போடுறேன். என்னை ஓட விட்டவரு அவருதான். கோப்பையும் எனக்கு வேணாம். ஆனா இருபது அடி நடக்காம போனதையும் மலர்ல எழுதுங்க. இல்லாட்டி அந்தப் பக்கத்தையே கிழிங்க. பாதி மனுஷனுக்குப் படம் மாட்டாதீங்க."

எல்லாரும் காரியதரிசியைப் பார்த்தார்கள். புல்வெட்டிலிருந்து பால்வெட்டுக்கு மாறி, தோட்டம் விற்கும்வரை பன்னிரண்டு வருடம் வெட்டியவன் பிச்சைமுத்து. மேடை நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், நீலமும் மஞ்சளும் சிவப்பும் சுற்றிய ஓர் உருண்டை. இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மெதுவாக எழுந்து வந்து மைக்கைக் கேட்டான். கொடுத்தேன்.

"மலை மேல, மூணாவது மங்குகிட்ட நான் போனப்ப..." கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். "மங்கு ஓரத்துல ஏற்கெனவே பால் வழிஞ்சிருந்துச்சு. செவப்பு, ஈரம்கூடக் காயல. வாத்தியார் ஊத்துறப்ப சிந்தியிருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தானே கோப்பை எனக்கு."

அச்சுக்குப் போக வேண்டிய அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தான்.

"எனக்கு முன்னாடி அங்க ஒருத்தரு வெரல விட்டிருக்காங்க. அது அக்காதான். அது முழுசா ஓடித்தான் வந்துச்சு. நான் வந்து விழுந்தப்ப, சத்தியமா சொல்றேன், டீய குடிச்சிட்டுத் தலை வாரிக்கிட்டு இருந்துச்சு."