எண்பது மீட்டர்

அன்பழகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், 2003இல், அவன் மனைவி சாந்தா ப்ளஸ் டூவில் கோட்டைவிட்ட இயற்பியலை மறுபடி எழுத ஆசைப்பட்டாள். அதில் தேறிவிட்டால் ஆசிரியர் பயிற்சியில் சேரலாம். அவனே பெரம்பலூரில் ஒரு டுடோரியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனுக்கு ஒரு கணக்குச் சொன்னாள். மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டரில் போகும் லாரி, பிரேக் பிடித்தபின் இருபது மீட்டர் ஓடி நிற்கிறது. அதே பிரேக், வேகம் மட்டும் எழுபத்திரண்டு என்றால்?

நாற்பது மீட்டர் என்றான்.

"எண்பதுங்க. நிக்கிறதுக்கு ஆவுற நேரமும் ரெண்டு மடங்கு, அந்த நேரத்துல போற சராசரி வேகமும் ரெண்டு மடங்கு. அப்ப தூரம் நாலு மடங்கு."

"புத்தகத்து லாரிக்கு அது சரி புள்ள" என்று சிரித்தபடி சாப்பிடப் போய்விட்டான்.

மாசி மாதத்துப் பகல். பாரம் ஏற்றிய லாரி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தொலைவில் ஒருவர் வெங்காய மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பதை அன்பழகன் பார்த்தான். இன்னும் இடம் இருக்கிறது என்று ஹாரனை மட்டும் அடித்தான். பிறகு பிரேக்கை மிதித்தபோது, அவன் நினைத்திருந்த இடத்தில் லாரி நிற்கவில்லை. செல்லப்பன் என்ற அந்த விவசாயி உயிர் தப்பினார். முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள்.

இயற்பியல் பரீட்சையன்று சாந்தா அவனை ஜாமீனில் எடுக்க வக்கீலோடு கோர்ட்டில் நின்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது அவனே ஆரம்பித்தான்.

"நீ அன்னிக்கே சொன்ன."

"மார்க்குக்குப் படிச்சதத்தான் ஒப்பிச்சேன். சாப்பிடப் போனவங்கள உக்கார வச்சு, இன்னொரு தரம் சொல்லாம வுட்டுட்டேங்க" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

அடுத்த பரீட்சையையாவது எழுது என்று அவன் கெஞ்சினான். அவள் ஒரு வாரம் டுடோரியலுக்குப் போனாள். அந்தப் பாடம் வந்ததும், மீட்டர் என்று எழுதும்போதெல்லாம் வெங்காயம் சாலையில் சிதறியதாக அவன் சொன்னது கண்ணில் நிற்கிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். அவனும் லாரியை விட்டுவிட்டு மண்டியில் மூட்டை தூக்கப் போனான்.

வெகுநாள் தயங்கிவிட்டு, ஒரு நாள் செல்லப்பன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி செங்கமலம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த செல்லப்பன் அவனைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறன் தம்பி. என்னத் தூரத்துலயே பாத்துட்டியா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"பாத்தங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.