வியாழனில் தரை இல்லை

1

ஒரு செய்தித்தாள் துணுக்கிலிருந்து பிறந்த கதை இது. 1995 டிசம்பரில் வியாழன் கோளுக்குள் ஓர் ஆளில்லாக் கருவியை இறக்கினார்கள். பாராசூட்டில் தொங்கியபடி ஒரு மணி நேரம் போலத் தகவல் அனுப்பிவிட்டு அது ஓய்ந்துபோனது. அதில் ஓர் ஆளை ஏற்றி இறக்கிப் பார்க்க எனக்கு ஆசை வந்தது.

முதல் தொடக்கம்: 'விண்வெளி வீரன் இசக்கியப்பன் ஏணியிலிருந்து வலது காலை எடுத்து வியாழனின் தரையில்…'

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கால் வைக்க அங்கே தரை கிடையாது.

2

எப்படி என்று சொல்கிறேன். பூமியில் காற்று ஓரிடத்தில் முடிந்து மண்ணோ கடலோ தொடங்கிவிடும். வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜன். இறங்க இறங்க, மேலே இருக்கும் வாயுவின் பாரம் கீழே இருப்பதை நெருக்குகிறது. அது அடர்ந்து, சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் போலாகிறது. இதுவரை காற்று, இனிமேல் கடல் என்று கோடு கிழிக்க ஓரிடமும் இல்லை.*

(* பலூனில் மிதக்கலாமே என்பீர்கள். பலூனுக்குள் இருப்பது வெளியே இருப்பதைவிட இலேசாக இருக்க வேண்டும். ஹைட்ரஜனைவிட இலேசான வாயுவுக்கு எங்கே போவது? அதே ஹைட்ரஜனைச் சூடாக்கித்தான் நிரப்ப வேண்டும். அடுப்பு எரியும்வரை மிதக்கலாம்.)

வீரன் மேகங்களைத் தாண்டுவான். வெளிச்சம் போய்விடும். கலத்தை அழுத்தம் நசுக்கும். இன்னும் ஆழத்தில் உலோகம் உருகும், பிறகு ஆவியாகும். விழுந்த சத்தம் மட்டும் எங்கும் கேட்காது.

3

அவனுக்கு ஒரு மனைவி வேண்டுமே என்று கலையரசியை எழுதினேன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அவள் வந்த பிறகு ராக்கெட் பொய்யாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன்.

இப்போது இசக்கியப்பன் சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி. தொண்ணூற்றிரண்டு நவம்பர் வெள்ளத்தில், ஆற்றோரக் கிணற்று மோட்டாரைக் கழற்றப் போனவர். கரை இடிந்தது. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவருக்கு வைக்கோலில் ஆள் கட்டி, அவர் சட்டையைப் போட்டு, முற்றத்தில் கிடத்தி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். எரித்துவிட்டால் கலையரசி தாலியைக் கழற்ற வேண்டும். எரிக்காதவரை வீட்டில் நல்ல காரியம் எதுவும் கூடாது. தம்பி இசக்கிமுருகனின் கல்யாணப் பேச்சு அதனாலேயே இரண்டு தடவை முறிந்தது. மாமியார் வடிவம்மாள் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. வைக்கோற்போரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. கலையரசி மூன்று வருடமாகச் சம்மதிக்கவில்லை.

4

வியாழன் செய்தி வந்த வாரம் வகுப்பில் ஜெபகனி என்ற மாணவி, மனிதர் போனால் அங்கே இறங்க முடியுமா என்று கேட்டாள். கலையரசி, மேலே நான் சொன்னதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படம் போட்டு விளக்கினாள்.

"அப்போ அவரு விழுந்துக்கிட்டேதான் இருப்பாரா டீச்சர்?"

"இல்ல. கொஞ்ச நேரந்தான். பொறவு விழுததுக்கு அவரு இருக்க மாட்டாரு."

[இங்கே 'கலையரசியின் கண்கள்' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அவள் கரும்பலகையை அழித்தாள், அவ்வளவுதான்.]

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியாரிடம் சொன்னாள்: "முருகனை ஆள் கட்டச் சொல்லுங்க, அத்தை."

5

முருகனே கட்டினான். அளவுக்கு வேறு ஆள் கிடைக்காமல், தானே களத்தில் மல்லாந்து படுத்து, தலைக்கும் காலுக்கும் குச்சி நட்டுக்கொண்டு கட்டினான். முற்றத்தில் கிடத்தியபோதுதான் கலையரசி பார்த்தாள்.

"உங்க அண்ணன் உன்னைவிட உசரம்லா, முருகா."

"வைக்கோலுக்கு என்ன உசரம், குட்டை," என்றாள் வடிவம்மாள். சொல்லிவிட்டு அவளே வந்து காலடியில் இரண்டு பிடி வைக்கோல் சேர்த்தாள்.

கலையரசியின் கையில் சட்டை இருந்தது. பெண்கள் ஆற்றங்கரைக்குப் போவதில்லை. அவளுக்கு இந்த முற்றம்தான் கடைசி இடம். முருகன் கை நீட்டினான். அவன் காலடியில் கொள்ளிச்சட்டி புகைந்தது.

"இதுதான் எங்க அண்ணன்னு உன் வாயால சொல்லு. சட்டையத் தாரேன்."

"என்ன மதினி இப்படிக் கேக்கிய?"

"நாளைக்கு என் கழுத்தப் பாத்து எல்லாரும் கேப்பாங்க. யாரை எரிச்சீங்கன்னு நான் சொல்லணும்லா. நீ சொல்லு."

6

நான் எழுதிப் பார்த்த ஒரு படியில் முருகன் சொல்லிவிடுகிறான். சட்டை வைக்கோலில் ஏறுகிறது, ஊர்வலம் கிளம்புகிறது. அவன் கல்யாணத்தன்று கலையரசி அடுக்களைக்குள் இருக்கிறாள். இன்னொரு படியில் அவன் கயிற்றை அறுத்து வைக்கோலை மாட்டுக்குப் போடுகிறான். அந்த வீட்டில் பிறகு யாருக்கும் கல்யாணம் இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். தரையில்லாத இடத்தில் தரை போட்டுக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அவன் சொல்ல வேண்டிய வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்:

இசக்கிமுருகன்: "……………………"

நிரப்புகிறவர்கள் நிரப்பலாம். ஆனால் கலையரசியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு கொள்ளிச்சட்டியையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.